கேள்வி கேட்க வெட்கப்பட்ட மருந்துக்கடைக்காரன்

மருந்துக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் ஒரு தொந்தரவு, அதை வாய்விட்டுச் சொல்வது இன்னொரு தொந்தரவு. மேஜைக்குப் பின்னால் நிற்கிற கடைக்காரனுக்கும் அந்த இரண்டாவது தொந்தரவு உண்டு என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

நான் சொல்லிவிடுகிறேன். காரமடையில் தேர் வீதிக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மஸி டிப்ளமோ முறையாகப் படித்து வாங்கியது. பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். சளி, இருமல், வயிற்றுப்போக்கு, நெஞ்செரிச்சல் என்று யார் வந்து நின்றாலும் மாத்திரையோடு ஆலோசனையும் அள்ளி விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் இடுப்புக்குக் கீழே உள்ள விஷயம், பெண்கள் விஷயம் என்று வந்துவிட்டால் என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அப்படிப் பூட்டிக்கொண்டதால் வசந்தாமணி என்கிற பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேராக அங்கே போக எனக்குத் துணிச்சல் போதவில்லை. அதனால் சின்ன வெட்கங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். களிம்பு கேட்கப் போய் பல்பசை வாங்கிக்கொண்டு திரும்பிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர். பொறுமையாகப் படியுங்கள்.

நண்பருக்கு ஒரு களிம்பு

வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஒரு பெரிய மனுஷர் ஒருநாள் காலையில் வந்து பஞ்சு ஒரு பாக்கெட் வாங்கினார். வாங்கிவிட்டுப் போகவில்லை. இருமல் மிட்டாய் வாங்கினார். அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ் ஒன்று. கடையில் இருந்த கடைசி ஆள் படி இறங்கியதும் குரலைத் தாழ்த்தி, "நண்பர் ஒருத்தருக்கு மூலமுங்க, ரத்தங்கூடப் போகுதாமா. என்ன போடலாமுங்க?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நண்பர் என்று ஒருவர் நடுவில் இருந்ததால் எனக்கும் பேச வசதியாக இருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், கீரையும் வாழைத்தண்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் உட்காரட்டும், ரத்தம் தொடர்ந்து போனால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். "வேண்டாமுங்க, நின்னுக்கறேன். நண்பரும் பாவம், நின்னுக்கிட்டேதானுங்க இருக்காரு" என்றார்.

அத்தோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் டீக்கடையில் நாலு பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். பெயரைச் சொல்லவில்லை. வாழைக்காய் மண்டி, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி என்று மட்டும்தான் சொன்னேன். காரமடையில் அதற்கு மேல் பெயர் எதற்கு?

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். கூச்சநாச்சமில்லாமல், நண்பர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "நல்லா இருக்காருங்க. இப்பெல்லாம் மேட்டுப்பாளையத்துல வாங்கிக்கறாருங்க."

கறுப்புக் கவர்

கடையில் என்னோடு கனகா இருக்கிறாள். எட்டு வருஷமாக வேலை செய்கிறாள். பத்தாவது வரை படித்தவள். மருந்துப் பெயர்களைச் சில சமயம் தப்பாகச் சொல்வாளே தவிர, வருகிற ஆளின் முகத்தைப் படிப்பதில் எனக்கு வாத்தியார். பெண்கள் பெரும்பாலும் கனகா இருக்கிற நேரம் பார்த்துத்தான் வருவார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை அவள் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கும் சோதனை, எனக்கும் சோதனை.

சானிட்டரி நாப்கின் கேட்டால் நான் அதை முதலில் செய்தித்தாளில் சுற்றுவேன். அதன் மேல் ரப்பர் பேண்ட். பிறகு கறுப்புக் கவர். கவரின் வாயையும் முடிச்சுப் போட்டுவிடுவேன். இத்தனையும் தலையைக் குனிந்தபடியே நடக்கும். பெண்களுக்கு மரியாதை செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சீக்கிரமே திரும்பி வந்த கனகா, ஒரு காலேஜ் பெண்ணுக்கு நான் பொட்டலம் கட்டுவதை வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பெண் போனதும் கேட்டாள்: "ஏனுங்ணா, அந்தப் புள்ளைக்கு என்ன, கள்ளச் சாராயமா வித்தீங்க?"

விவசாயம் பார்க்கிறேன்

அடுத்தவர் வெட்கத்தை மட்டும் சொன்னால் நியாயம் ஆகாது. போன கோடையில் எனக்குத் தொடை இடுக்கில் படை வந்துவிட்டது. கடை நிறைய மருந்து இருக்கிறது, டாக்டரிடம் காட்டுவானேன் என்று அலமாரியிலிருந்து ஒரு கலப்புக் களிம்பை எடுத்துப் போட்டேன். ஊரே அதைத்தான் வாங்கிப் போகிறது. இரண்டு நாளில் அரிப்பு நின்றது. பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. மூன்று மாதத்தில் படை தொடை முழுக்கப் பரவி, தோலும் மெலிந்து, உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படைக்குப் போடக்கூடாது, அரிப்பை அமுக்கிவிட்டுப் படையை வளர்த்துவிடும் என்று நானே படித்திருக்கிறேன். படித்தது பிரேமுக்குள்ளேயே தங்கிவிட்டது.

உள்ளூரில் காட்ட வெட்கப்பட்டு, பஸ் ஏறி கோயமுத்தூர் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கொஞ்சமும் யோசிக்காமல் விவசாயம் என்றேன். அவர் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, என்ன போட்டீர்கள் என்றார். களிம்பின் பெயரைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இதை எந்த முட்டாள் மருந்துக்கடைக்காரன் உங்களுக்குக் குடுத்தான்?"

தேருக்கு முன்னால் பத்து நாள்

மாசி மாதம் எங்கள் ஊர் ரங்கநாதர் கோவில் தேர். ஊரே வெள்ளையடித்துக்கொள்ளும், வீட்டுக்கு வீடு விருந்தாட்கள் வந்து இறங்குவார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் என் கடையில் ஒரு மாத்திரை வேகமாகப் போகும். விசேஷ நாளில் மாதவிலக்கு வந்துவிடக்கூடாது என்று நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று வருஷம் முழுக்க உண்டு என்றாலும் தேர்ச் சமயத்தில் அது தனி. யாரும் பெயரைச் சொல்லமாட்டார்கள். "விசேஷத்துக்குப் போடற மாத்திரைங்க" என்பார்கள். சில வீடுகளில் புருஷனிடம் காலி அட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். அவர் அதை என் முன்னால் வைத்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார். நான் அட்டையை எடுத்து வைத்துவிட்டு அலமாரியைப் பார்ப்பேன்.

அது டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மாத்திரை. கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பிரஷர் உண்டா, கடுமையான ஒற்றைத் தலைவலி உண்டா, எப்போதாவது காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, வீட்டில் யாருக்காவது அப்படி வந்திருக்கிறதா, கடைசியாக இதை எப்போது சாப்பிட்டீர்கள். சிலருக்கு இந்த மாத்திரை ரத்தத்தை உறையவைத்துவிடும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருக்கிறது. நான் ஒருத்தியிடமும் கேட்டதில்லை. ஒருமுறை புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி மட்டும் மாத்திரையை வாங்கிக்கொண்டு பயந்த முகத்தோடு நின்றாள். அவளாவது ஏதோ கேட்கப் போகிறாள் என்று பார்த்தேன். கேட்டாள். எனக்குத் துளியும் சம்பந்தமில்லாத அந்தக் கேள்விக்குத்தான் நான் உறுதியாக, கோவிக்காது என்று பதில் சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டது இது: "இதப் போட்டா சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதுங்களே?"

அடுத்தடுத்து மூன்று விசேஷம்

இனி வசந்தாமணி. அடுத்த தெருவில் வீட்டிலேயே மாவாட்டி இட்லி மாவு விற்கிறாள். வயது நாற்பது இருக்கும். மூன்று கிரைண்டர், முன்னறையில் ஒரு பிரிட்ஜ், வாசலில் ஒரு போர்டு. எங்கள் வீட்டு இட்லியும் அவள் மாவுதான். காலை நாலு மணியிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். நின்று நின்று அவளுக்குப் பாத நோவு உண்டு. அதற்கு மாத்திரை கேட்டு வரும்போதெல்லாம் நான் செருப்பை மாற்றச் சொல்வேன், அவள் சிரித்துக்கொண்டு "சரிங்ணா" என்பாள்.

இந்த வருஷம் தை பிறந்ததும் அவள் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். மத்தியானம் கனகா இல்லாத நேரத்தில் வந்து மாத்திரை வாங்கிப் போனாள். ஒரு மாதம் கழித்து வெள்ளகோவில் பக்கத்தில் குலதெய்வம் கோவிலில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. வந்தாள், வாங்கினாள். அது முடிந்த கையோடு தேர். காதுகுத்துக்கு ஆரம்பித்த மாத்திரையை நிறுத்தாமல் தேர் வரைக்கும் இழுத்துவிடலாம் என்று மாமியாரும் அவளும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் தேருக்கும் ஒரு மத்தியானம் அவள் வந்து நின்றபோது, இரண்டு மாதத்துக்குள் இது மூன்றாவது முறை என்பது எனக்குத் தெரியும். அட்டையை எடுத்த கை ஒரு கணம் நின்றது. இதைக் கேட்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடினேன். "அம்மணி, போன மாசமும்…" என்று தொடங்குவதா? ஒரு பெண்ணின் நாட்களை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டால்?

அவளும் வாங்கிய பிறகு போகாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்ணா, இது வந்து…" என்று இழுத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் இருமிக்கொண்டு படி ஏறினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல வருகிறது. நான் இருமல்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கவரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்ணா, அப்புறமா வாரேன்."

பத்து நிமிஷ ஆலோசனை

அப்புறமாக வந்தாள். தேர் முடிந்த மூன்றாம் நாள், கனகா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தாள். கெண்டைக்காலில் வலி, கொஞ்சம் வீக்கமும் இருக்கிறது என்றாள். நின்றுகொண்டே இருப்பதால்தானே என்று நானே கேட்டு, நானே தலையாட்டிக்கொண்டேன். தேருக்கு வந்த விருந்தாட்களுக்கு நாலு நாள் சமைத்தேன் என்று அவளும் சொன்னாள்.

அப்பா, என்ன ஒரு நிம்மதி எனக்கு! கால் வலியில் வெட்கம் ஒன்றும் இல்லை. மடை திறந்துவிட்டது. வலிக்குக் களிம்பு கொடுத்து, அதைக் கீழிருந்து மேலாக நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி மகளை விட்டுப் பிடித்துவிடச் சொன்னேன். ராத்திரி காலுக்குத் தலையணை, கல்லுப்புத் தண்ணீரில் ஒத்தடம், உணவில் கால்சியம் என்று பத்து நிமிஷம் பேசினேன். பேசிய நேரத்தில் புடவையைக் கொஞ்சம் தூக்கி இரண்டு காலையும் காட்டச் சொல்லியிருந்தால் பத்து நொடி ஆகியிருக்காது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் அதைத் தேய்க்கவே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். அது எனக்குத் தெரியாத பாடம் இல்லை. அவள் வலியோடு சிரித்து, களிம்பை வாங்கிக்கொண்டு, போகும்போது சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டா டாக்டரப் பாத்தாப்புல இருக்குதுங்ணா."

கனகா பார்த்தது

இரண்டு நாள் மகள் அந்தக் காலை நன்றாகத் தேய்த்துவிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் கனகா மாவு வாங்கப் போனவள், வசந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறாள். அங்கேயே கீழே உட்கார வைத்துப் புடவையைத் தூக்கிப் பார்த்தாளாம். இடது கால் வலது காலைப் போல ஒன்றரை மடங்கு. தொட்டால் கொதிக்கிறது. கிரைண்டரை அணைத்துவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு, உள்ளூர் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். அவர் பார்த்த உடனே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். காலுக்குள்ளே ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தது. அதில் ஒரு துண்டு கழன்று நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே இல்லை.

பதினொன்றரைக்கு கனகா கடைக்கு வந்தாள். நான், ஏன் லேட் என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னாள். நான் தேய்க்கச் சொன்னதை வசந்தாமணி அவளிடம் சொல்லியிருக்கிறாள். கனகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு காலையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்தீங்களாண்ணா?"

கீழே போய் ஒரு டீ

அன்று சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் வசந்தாமணி படுத்திருந்தாள். கால் தலையணை மேல் இருந்தது. கட்டிலைச் சுற்றிப் புருஷன், மாமனார், புருஷனின் அண்ணனான மச்சாண்டார் என்று மூவரும் நின்றார்கள். பழத்தை வைத்துவிட்டு நகர்வதற்குள் டியூட்டி டாக்டர் வந்தார். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். "இப்படி ரத்தம் கட்டறதுக்கு ஏதாவது காரணம் இருக்கணும்மா. வேற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டார். வசந்தாமணி மாமனாரைப் பார்த்தாள், மச்சாண்டாரைப் பார்த்தாள். "ஒண்ணுஞ் சாப்புடலீங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த அறையில் விஷயம் தெரிந்தவர்கள் அவளும் நானும்தான். ஆண்களுக்கு முன்னால் அவளால் சொல்ல முடியாது. நான் சொல்லலாம். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லலாம். ஆனால் சொன்னால், சீட்டு இல்லாமல் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். கடை போய்விடுமோ என்று பயம். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று அதைவிடப் பயம். வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். இறங்கி கேன்டீனில் ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் நின்றேன். என் வாழ்க்கையில் எதை அழிக்க வேண்டும் என்று கேட்டால் அந்த இருபது நிமிஷத்தைத்தான் காட்டுவேன்.

பிறகு மேலே போனேன். நர்ஸுகள் அறைக்குப் பக்கத்தில் அந்த டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். என்ன மாத்திரை, எத்தனை அட்டை, எந்தத் தேதிக்கு எந்தத் தேதி, சீட்டு இல்லாமல் கொடுத்தது நான்தான், தேய்க்கச் சொன்னதும் நான்தான். டாக்டர் குறித்துக்கொண்டார். காரணம் தெரிந்தால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்தை எத்தனை மாதம் கொடுப்பது என்று முடிவு பண்ண முடியும், அவள் இனி அந்த மாத்திரையின் பக்கமே போகக்கூடாது என்றார். என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுதி முடித்து, நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தீங்களே சார், அப்பவே ஏன் சொல்லல?"

பெண் பார்க்க வந்தீங்களா

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன் என்று சொன்னால் கனகா சிரிப்பாள். ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குத் தாவிவிட்டேன், அவ்வளவுதான். விசேஷ மாத்திரை கேட்டு வருகிறவர்களை டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். மற்றவர்களிடம் கேள்வி கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை. நெஞ்சில் வாயு என்று வருகிறவரிடம் வலி கைக்கு இறங்குகிறதா, வேர்க்கிறதா என்று கேட்கிறேன். வலி மாத்திரை கேட்டால் வயிற்றுப்புண் உண்டா, கிட்னித் தொந்தரவு உண்டா என்று கேட்கிறேன்.

இதில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார். தோட்டத்திலிருந்து பைக்கில் வந்தவர், தொண்டைக் கரகரப்புக்கு நாலு மிட்டாய் கேட்டார். வயது, சர்க்கரை, பிரஷர், பீடி, தூக்கம், பசி என்று நான் வரிசையாகக் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் பெரியவருக்குத் தாங்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, நான் மிட்டாயி வாங்க வந்தனா, பொண்ணுக் கேட்டு வந்தனா?"

வசந்தாமணி சொன்னது

வசந்தாமணி பிழைத்துக்கொண்டாள். கால் வீக்கம் மெல்ல வடிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, காலுக்கு இறுக்கமான உறை, மூன்று கிரைண்டரில் இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்தாள். கனகா சாப்பிடப் போயிருந்தாள்.

மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, ஈறில் ரத்தம் வருகிறதா, எங்காவது நீலமாகக் கன்றியிருக்கிறதா, விலக்கு நாட்களில் போக்கு அதிகமா என்று கேட்டேன். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது காது சுட்டது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். அவளும் தலையைக் குனியாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். போக்கு அதிகம்தான் என்றாள். அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காமல் நாளைக்கே போய் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன்.

பிறகு மேஜையைச் சுற்றி வெளியே வந்து அவள் முன்னால் நின்றேன். இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி. மூணாவது தடவை வந்தப்பவே கேட்டிருக்கோணும். கேக்க எனக்கு வெக்கமா இருந்துது" என்றேன். அவள் கோபப்படவில்லை. பரவாயில்லைங்க என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிடுவாள், நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. மாத்திரையைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சொன்னாள்: "எனக்குந்தானுங்ணா வெக்கமா இருந்துது. கூட்டமில்லாத நேரமாப் பாத்து, ரோட்டுல ரெண்டு நடை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்ப்போட்டு, அந்த வெக்கத்தையெல்லாம் தாண்டித்தானுங்க உங்க முன்னால வந்து நின்னேன்."

எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மறக்காமல் சொல்கிற நான், கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கால் வீங்கிய பின்னால்தான் கேட்டேன்.